விடியற்காலையில் கிடைக்கும் ஒரு மணி நேரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஏழு வருடமாகக் காலை ஐந்து மணிவாக்கில் எழுந்துகொண்டிருக்கிறேன். இது தெரியவந்ததும் சிலர் "எப்படிங்க முடியுது?" என்பார்கள். சிலர் "எழுந்து என்னதான் பண்றீங்க?" என்பார்கள். எனக்குத் திணறலாக இருப்பது இந்த இரண்டாவது கேள்விதான். முதல் ஒரு வருடம் அதற்கு என்னிடம் ஒழுங்கான பதிலே இல்லை. நண்பர்களும் அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவன் இல்லை, யோகா மாஸ்டரும் இல்லை.

சீக்கிரம் எழுந்தால் நாளில் நேரம் கூடுமா?

கூடாது. இரவிலிருந்து ஒரு மணி நேரத்தை உருவிக் காலையில் வைக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் உருவிய இடத்தில் அது என்ன லட்சணத்தில் இருந்தது என்று பார்க்க வேண்டும். நான் இரவு பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். பாதி கண்ணை மூடிக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஏற்கனவே பார்த்த நகைச்சுவைக் காட்சிகளை மறுபடி பார்த்திருக்கிறேன். ஒருநாள் ராத்திரி, வாங்கவே போகாத ஒரு மிக்ஸியின் விலையை நாலு கடையில் ஒப்பிட்டிருக்கிறேன். அந்த நேரத்தைக் கொடுத்துவிட்டு விடியற்காலை நேரத்தை வாங்கியதில் எனக்கு நஷ்டம் இல்லை.

கணக்கு எழுதுபவன் என்பதால் இதையும் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால் வருடத்துக்கு 365 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 45 நாளுக்கு மேல் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 45 நாளும் மொத்தமாகக் கைக்கு வராது, சில்லறையாகத்தான் வரும். சில்லறையில் எதை வாங்க முடியும், எதை வாங்க முடியாது என்பதுதான் விஷயமே. அதைக் கீழே சொல்கிறேன்.

எத்தனை மணிக்கு எழ வேண்டும்? பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்தால்தான் பலனா?

பிரம்ம முகூர்த்தம் என்றால் நாலு மணி என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். அது கடிகார நேரம் இல்லை, சூரிய உதயத்திலிருந்து பின்னோக்கி எண்ணும் நேரம். ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு இரண்டு முகூர்த்தம் முன்னால் தொடங்கி ஒரு முகூர்த்தம் முன்னால் முடிவது பிரம்ம முகூர்த்தம். மதுரையில் மே மாதக் கடைசியில் சூரியன் சுமார் 5:55க்கு வருகிறது. அப்போது பிரம்ம முகூர்த்தம் ஏறக்குறைய 4:20 முதல் 5:10 வரை. ஜனவரிக் கடைசியில் சூரியன் 6:40 வாக்கில்தான் வரும். அப்போது ஐந்து மணி தாண்டி எழுந்தாலும் பிரம்ம முகூர்த்தத்துக்குள்தான் இருக்கிறீர்கள். ஆக, தை மாதத்தில் மூன்றரைக்கு அலாரம் வைத்துக்கொண்டு அவதிப்படச் சொல்லி சாஸ்திரமே கேட்கவில்லை.

நம்பிக்கை உள்ளவர்கள் அந்தக் கணக்கில் எழட்டும். இல்லாதவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இப்போது எழும் நேரத்திலிருந்து முக்கால் மணி நேரம் முன்னால் போதும். ஏழுக்கு எழுபவருக்கு 6:15 விடியற்காலைதான்.

தூக்கம் ஒரு மணி நேரம் குறைந்தால் என்ன ஆகிவிடப் போகிறது?

நானும் இப்படித்தான் கேட்டேன். முதல் இரண்டு மாதம் படுக்கும் நேரத்தை மாற்றாமல் எழும் நேரத்தை மட்டும் மாற்றினேன். மார்ச் மாதம், வருடக் கணக்கு முடிக்கிற நேரம். ஒரு வவுச்சரில் ஒரு சைபரை விட்டுவிட்டு அதைத் தேடி ஒன்றரை நாள் போனது. காலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே கரைந்துவிட்டது.

வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இரவு முழுவதும் தூக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில் அதிகம். கண்கள் இமைக்குள் அசைந்துகொண்டிருக்கும், கனவுகள் மிகுந்த தூக்கம் பின்னிரவில் அதிகம். அலாரம் வைத்துப் பின்பகுதியை வெட்டினால், அந்தக் கனவுத் தூக்கத்தில்தான் பெரும்பகுதி போகிறது.

அதனால் ஐந்துக்கு எழ வேண்டுமானால் பத்துக்கு முன்னால் விளக்கு அணைய வேண்டும். நம் ஊரில் இது லேசான காரியம் இல்லை. இரவுச் சாப்பாடே ஒன்பதரைக்கு. அப்புறம் சீரியல், கிரிக்கெட் இருந்தால் பதினொன்றரை வரை. எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தை எட்டுக்கு நகர்த்தவே நாலு மாதம் ஆனது. அதிகாலை எழுவது எப்படி என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?" என்பதைத்தான். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, பயணம் என்று படுக்க நடுராத்திரி ஆகிவிட்டால் மறுநாள் அலாரம் வைக்காதீர்கள். அன்றைக்குத் தூக்கம்தான் உருப்படியான வேலை.

எழுந்துவிட்டேன். மூளை வேலை செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இது சரியா?

சரிதான். எழுந்த உடனே எல்லாருக்கும் ஒரு மந்தம் இருக்கும். சிலருக்குக் கால் மணி நேரம், சிலருக்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கும். அந்த நேரத்தில் கடினமான கணக்கையோ புது மொழியையோ எடுத்தால், "நமக்கு மண்டையில் ஏறாது" என்ற தப்பான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, விளக்கைப் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கையால் செய்கிற வேலை எதையாவது செய்யுங்கள். நான் முந்தின நாள் காயப்போட்ட துணியை மடிப்பேன். பிறகு காபி.

சரி, அந்த நேரத்தில் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒரு வருடம் தடவிக்கொண்டிருந்தேன்.

முதல் மாதம் ஒரு அட்டவணை போட்டேன். பத்து நிமிடம் யோகா, பத்து நிமிடம் தியானம், பதினைந்து நிமிடம் இந்தி, பதினைந்து நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் டைரி. பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி, மணி அடிக்காததுதான் பாக்கி. மூன்றாம் வாரம் விட்டுப்போனது. ஒன்றிலும் பத்தாவது நிமிடத்துக்கு மேல் போகவில்லை. எதிலும் சூடு ஏறும்போது அடுத்த பாடம் வந்துவிடும். இரண்டாவது முயற்சியாக அலுவலக மெயிலை அந்த நேரத்தில் பார்க்க ஆரம்பித்தேன். ஐந்தரைக்கே நான் பதில் போடுகிறேன் என்று தெரிந்ததும் ஐந்தரைக்கே கேள்வி வர ஆரம்பித்தது. என் சொந்த நேரத்தை நானே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று உறைக்க இரண்டு மாதம் ஆனது.

மூன்றாவதாகப் பிடித்தது கல்வெட்டு எழுத்து. அதற்கும் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போயிருந்தோம். பாறையில் எழுத்து இருந்தது. "அப்பா, என்ன எழுதியிருக்கு?" என்று மகள் கேட்டாள். தமிழ்தான் என்று தெரிகிறது, வாசிக்கத் தெரியவில்லை. மதுரையைச் சுற்றி மாங்குளம், அரிட்டாபட்டி, கொங்கர்புளியங்குளம், முத்துப்பட்டி, அழகர்மலை, திருப்பரங்குன்றம் என்று திரும்பிய பக்கமெல்லாம் தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழியில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கல்வெட்டுகள் இருக்கின்றன. நாற்பது வருடமாக இதே ஊரில் இருந்துகொண்டு ஒரு வரி படிக்கத் தெரியாமல் இருப்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இந்த வேலை விடியற்காலைச் சில்லறைக்குப் பொருத்தமாக அமைந்தது. தமிழியில் பதினெட்டு மெய், கொஞ்சம் உயிர். வாரத்துக்கு நாலு எழுத்து என்று வைத்துக்கொண்டேன். க ஒரு கூட்டல் குறி. ர வெறும் நேர்க்கோடு. ழ, ள, ற, ன நான்கும் அசோகர் காலத்துப் பிராமி எழுத்தில் இல்லாதவை, தமிழின் ஒலிகளுக்காகச் சேர்த்தவை. நோட்டில் ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பேன், அவ்வளவுதான் அன்றைய பாடம். இரண்டு மாதத்தில் எழுத்து முடிந்தது. அப்புறம்தான் தெரிந்தது, எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது என்று. பழைய கல்வெட்டுகளில் புள்ளி கிடையாது, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. எங்கே மெய், எங்கே உயிர்மெய் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்ற பெயரை நானாகக் கூட்டி வாசித்த காலை இன்னும் ஞாபகம் இருக்கிறது. 1882இலேயே கண்டறியப்பட்ட கல்வெட்டு அது. அறிஞர்கள் வாசித்துப் பல காலம் ஆயிற்று, நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அலுவலகத்தில் யார் கத்தியதும் காதில் ஏறவில்லை.

இந்தத் துறையில் பெரிய பெயரான ஐராவதம் மகாதேவன்கூட ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தபடிதான் 1960களில் தமிழி கல்வெட்டுகளை வாசித்தார். சம்பளம் வருவது ஒரு வேலையில், மனசு கிடப்பது இன்னொன்றில் என்பது புதிதில்லை என்று நான் தைரியப்படுத்திக்கொள்வேன்.

மலையேறிப் பார்க்கப் போனாலும் விடியற்காலைதான் தோது. ஆழமில்லாமல் கொத்திய எழுத்து, சூரியன் உச்சிக்கு வந்துவிட்டால் பாறையோடு பாறையாகிவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். சாயங்கால வெயிலிலும் அப்படித் தெரியும்தான். ஆனால் சித்திரை மாதம் பகலெல்லாம் சூடேறிய பாறையில் சாயங்காலம் ஏறிப் பார்த்தவர்கள் அந்த நேரம் தோது என்று சொல்ல மாட்டார்கள்.

எல்லாரும் கல்வெட்டு படியுங்கள் என்று சொல்ல வரவில்லை. தினம் கொஞ்சம், விட்டால் மறக்கும், தொடர்ந்தால் ஏறும் என்ற வகை வேலைகள் இந்த நேரத்துக்குப் பொருந்தும். மொழி, எழுத்து, வாத்தியம், ஓவியம், தடித்த புத்தகம் ஒன்று. என் நண்பர் ஒருவர் அவர் அம்மா சொன்ன ஊர்க்கதைகளை ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று எழுதி வருகிறார். இன்னொருவர் மாடியில் கீரை போட்டிருக்கிறார். ஒரே மூச்சில் நாலு மணி நேரம் கேட்கிற வேலைகள், அதாவது வீட்டுக்கு வெள்ளையடிப்பது, வருமான வரிக் கணக்கு, அலமாரியை ஒழிப்பது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு.

ஒரே ஒரு வேலை, குறைந்தது மூன்று மாதம். அதை முந்தின இரவே மேசையில் எடுத்து வைத்துவிடுங்கள். காலையில் எழுந்து "இன்றைக்கு என்ன பண்ணலாம்" என்று யோசித்தால் பாதி நேரம் அந்த யோசனைக்கே போகும்.

நான் ஏற்கனவே நாலரைக்கு எழுகிறேன். வாசல் தெளித்து, கோலம் போட்டு, சமைத்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டுகிறேன். எனக்கு ஏதுங்க கூடுதல் நேரம்?

என் அக்கா கேட்டது இது. கேட்ட தொனி இன்னும் கொஞ்சம் காரமாக இருந்தது.

அதிகாலை எழுவதன் பெருமையைப் பேசும் ஆண்கள் பலரும் ஒன்றை விட்டுவிடுகிறோம். நாம் எழும்போது வீட்டில் ஏற்கனவே ஒருவர் எழுந்திருக்கிறார். அப்துல் கலாம் ராமேஸ்வரத்தில் சிறுவனாக இருந்தபோது நாலு மணிக்கு எழுந்து, குளித்துவிட்டுக் கணக்குப் பாடத்துக்குப் போனதும் பிறகு செய்தித்தாள் போட்டதும் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு முன்னால் எழுந்து அவரை எழுப்பித் தயார் செய்தது அவர் அம்மா என்பதை அவரே சொல்லியிருக்கிறார். மேடையில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்த அம்மா எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று கேட்பதில்லை.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. அதே வேலை செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம். இந்த நிலைமையில் ஒரு பெண்ணிடம் போய், "இன்னும் அரை மணி முன்னால் எழுந்து உனக்காக ஏதாவது செய்" என்று சொல்வது வேண்டாத வேலை. மூன்றரைக்கா எழுவார்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்து மணிக்கு எழுந்து நோட்டைத் திறந்த முதல் வருடம் முழுக்க, ஐந்தேகாலுக்குக் காபி என் பக்கத்தில் வந்துவிடும். என் மனைவி போட்டுக்கொண்டு வந்தது. என் 'தனி நேரம்' என்று நான் எழுதி வைத்திருந்ததற்குள் அவருடைய வேலை நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. "நீங்க எழுந்ததுல எனக்கு ஒரு காபி கூடுதல், அவ்வளவுதான்" என்று அவர் ஒருநாள் சொன்ன பிறகுதான் தோன்றியது. இப்போது வாரத்தில் மூன்று நாள் காலை அடுப்படி என் பொறுப்பு. பால் காய்ச்சுவது, காய் நறுக்குவது, குக்கர் வைப்பது, டப்பா கட்டுவது. அந்த மூன்று நாளும் கல்வெட்டு கிடையாது. அவர் முதலில் அந்த நாட்களில் ஆறரை வரை தூங்கினார். நாலு மாதம் கழித்துத்தான் வேறு ஏதாவது செய்யத் தோன்றியது என்றார். இப்போது வீணையைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார். தூங்கியதும் நல்ல உபயோகம்தான்.

தனியாக எல்லாவற்றையும் செய்ய வேண்டிய வீடுகளும் இருக்கின்றன. அங்கே காய் நறுக்குவதையும் சட்னிக்கு எடுத்து வைப்பதையும் முந்தின இரவுக்குத் தள்ளலாம், வாரத்தில் இரண்டு நாள் ஒரே சாதம் ஒரே பொரியல் என்று சுருக்கலாம். அதற்கு மேல் என்னிடம் யோசனை இல்லை.

போன்?

முந்நூறு ரூபாய்க்குள் ஒரு அலாரம் கடிகாரம் வாங்குங்கள். போன் கூடத்தில் கிடக்கட்டும். அலாரத்தை அணைக்கப் போனை எடுத்தால் குடும்ப குரூப்பில் வந்த இருபது 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூக்களைத் தாண்டி வர வேண்டும்.

நடைப்பயிற்சி போனால் போதாதா?

தாராளமாகப் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் கணக்கு முடிந்தது. பாக்கி அரை மணியை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

இருட்டில் நடக்கக் கிளம்புகிறவர்கள் தெரு நாய்களை மனதில் வையுங்கள். விடியற்காலை ஐந்துக்கு அவைதான் தெருவுக்குச் சொந்தக்காரர்கள். எனக்கு முதல் வாரம் ஒரு குச்சி தேவைப்பட்டது. வெளிச்சம் வந்த பிறகு போவது நல்லது. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி அந்த நேரத்தில் கூட்டம் இருக்கும், பயமில்லை.

காதில் பாட்டு மாட்டாமல் நடந்தால் ஒரு லாபம் உண்டு. இருட்டு விலகும் முன்பே கரிச்சான் கத்த ஆரம்பித்துவிடும். இரட்டைவால் குருவி என்றும் சொல்வோமே, அதுதான். அப்புறம் குயில், காக்கை, கிளி என்று ஒவ்வொன்றாக வரும். கிராமத்தில் வளர்ந்த என் அப்பா கடிகாரம் பார்க்காமல், "கரிச்சான் கத்திருச்சு, எந்திரி" என்பார். விடிவெள்ளியை நம்பி அப்படி எழுப்ப முடியாது. வெள்ளி சில மாதம் விடியலில் தெரியும், பிறகு காணாமல் போய்ச் சாயங்கால வானத்துக்கு மாறிவிடும்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளை நாலு மணிக்கு எழுப்பலாமா?

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது கிட்டத்தட்ட சட்டம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பதின்ம வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். அந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் நகர்கிறது, இரவு பத்துக்குத் தூக்கம் வராது. அது சோம்பேறித்தனம் இல்லை. டியூஷன் முடிந்து ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து, பதினொன்றரைக்குப் படுக்கும் பையனை நாலுக்கு எழுப்பினால் நாலரை மணி நேரத் தூக்கம். படித்தது மனதில் பதிவதும் தூக்கத்தில்தான் நடக்கிறது. ஒன்பதுக்கே தூங்கி, தானாக ஐந்துக்கு எழுகிற பிள்ளையாக இருந்தால் பேச்சே இல்லை, படிக்கட்டும். மற்றவர்களை டியூஷன் நேரத்தைக் குறைக்காமல் எழுப்பாதீர்கள்.

எனக்கு ராத்திரிதான் மூளை ஓடும். நான் தோற்றுப்போனவனா?

இல்லை. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் ஆளுக்கு ஆள் வேறுபடும், அதில் பிறவிக்கூறும் உண்டு. அந்தக் கடிகாரம் மரபணு அளவில் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இரவு பத்திலிருந்து பதினொன்றரை வரை உங்களுக்கு நல்ல வேலை நடக்கிறது என்றால் அதைக் கலைக்காதீர்கள். அலுவலகம் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் இந்தப் பக்கத்தில் எழுதியது எதுவும் பொருந்தாது.

இன்னொன்று. விடியற்காலை எழுவது ஏதோ குணத்தின் உயர்வு என்பது போன்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. மல்லிகை மொட்டு விரியும் முன் பறித்தாக வேண்டும் என்பதால் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்கிறவர்களும், பால் பாக்கெட் போடுகிறவர்களும், டீக்கடை அடுப்பு பற்றவைக்கிறவர்களும் நம் எல்லாருக்கும் முன்னால் எழுகிறார்கள். அவர்களுக்கு யாரும் மாலை போடுவதில்லை.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

மார்கழியில் என்று எல்லாரும் சொல்வார்கள். கோயிலில் பாட்டு, தெருவில் கோலம், ஊரே விழித்திருக்கும், உற்சாகமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அப்போது விடிவதே தாமதம், போர்வையை விட்டு வெளியே வர மனசு வராது. பொங்கலோடு பாட்டு நின்றதும் பலருடைய பழக்கமும் நின்றுவிடுகிறது. எனக்குப் பங்குனி, சித்திரைதான் வசதி. ஆறு மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். கண்ணில் படும் காலை வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தைத் திருகி வைக்கிறது. தவிர, எட்டரைக்கு மேல் மதுரை வெயிலில் எதுவும் செய்ய முடியாது என்பதே ஒரு நெருக்கடி.

வாரத்துக்குக் கால் மணி நேரம் என்று முன்னால் நகர்த்துங்கள். ஒரே நாளில் ஏழிலிருந்து ஐந்துக்குத் தாவியவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரம் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

வீட்டில் மற்றவர்கள் தூங்கும்போது சத்தம் வராமல் எப்படி?

மிக்ஸி, மோட்டார், உரக்கப் படிப்பது வேண்டாம். வாத்தியம் பழகுகிறவர்கள் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. எங்கள் தெருவில் அது இன்னும் யாருக்கும் தெரியவந்ததாகத் தெரியவில்லை.

இடையில் பத்து நாள் விட்டுப்போனால்?

பதினோராம் நாள் எழுந்தால் போகிறது. எனக்கு ஒருமுறை அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒன்றரை மாதம் விட்டுப்போனது. திரும்பி வந்தபோது நோட்டு அதே பக்கத்தில் இருந்தது, மூன்று எழுத்து மறந்திருந்தது.

ஐந்துக்கு எழுந்தால் மத்தியானம் தூக்கம் தள்ளுகிறதே?

தள்ளும். மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் ஒரு சோர்வு வருவது, சீக்கிரம் எழாதவர்களுக்கும் உடம்பின் இயல்பு. சாப்பாடு அதைக் கூட்டுகிறது. இருபது நிமிடம் கண்ணை மூடலாம், அதற்கு மேல் போனால் எழும்போது தலை கனக்கும். மூன்று மணிக்கு மேல் தூங்கினால் இரவுத் தூக்கம் கெடும். நாலு மணிக்கு மேல் காபியும் வேண்டாம். குடித்த காபியில் பாதி உடம்பை விட்டுப் போகவே பலருக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

எங்கள் அலுவலகத்தில் படுக்க இடமில்லை. சாப்பிட்டதும் பைல் ரூமில் போய் நாற்காலியில் சாய்ந்துகொள்வேன். அங்கே வேலை பார்க்கும் அண்ணன் சரியாக இருபது நிமிடத்தில் மேசையைத் தட்டுவார். அவர் தினமும் மூன்றரைக்கு எழுந்து, பேப்பர் போட்டுவிட்டு வருகிறவர். "நீங்க எப்பண்ணே தூங்குவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "உங்களை எழுப்பிவிட்டுட்டு" என்றார்.